தேநீர் இடைவேளை: இரண்டு கதிரையும் ஒரு கேள்வியும்



சென்ற இதழ் கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்த ஓர் அம்மா, சுகநலம் விசாரித்து முடித்தபின் என்னிடம் ஒரு கேள்வி போட்டார். "தம்பி, இந்த வெள்ளைக்காரர் ஆரையோ ஒரு நடிகரைக் கதிரையில இருத்திப்போட்டு, இன்னொருத்தர் அவரோட கதைக்கிறதை ஒரு மணித்தியாலமா ரீவியில பாத்துக்கொண்டு இருக்கினம். பாட்டில்லை, நாடகமில்லை, சண்டையுமில்லை. இதில என்ன ருசி கண்டவை?"

நல்ல கேள்விதான். ஊரில் எங்களுக்குக் கதை கேட்கத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. சந்தித் தேநீர்க்கடையும், கோயில் வீதியும், சங்கக்கடை வரிசையும் இருந்தன. யார் எவரைப் பற்றி என்ன கேட்கலாம் என்பதற்கு வேலி கிடையாது. இந்த நாட்டிலோ பக்கத்து வீட்டுக்காரரிடம் வயதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, ஒருவரின் தகப்பனைப் பற்றியும், பயத்தைப் பற்றியும், தோல்வியைப் பற்றியும் கேட்பதை எப்போது பழகினார்கள்? இதைத்தான் நான் தேடிப் பார்த்தேன். பழைய ஒளிப்பதிவுகளில் தப்பிப் பிழைத்தவை இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. இரவு வேலை முடிந்து வந்து, கண் எரிந்தாலும் நித்திரை வராமல் கிடக்கிற விடியற்காலைகளில் பார்த்தவற்றைத்தான் இந்த முறை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

தொலைக்காட்சிக்கு முன்னரே வானொலியில் இது தொடங்கிவிட்டது. பி.பி.சி. வானொலி 1933இல் 'இன் ரவுண் ருநைற்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. லண்டன் வீதியின் வாகன இரைச்சலும் பூ விற்கும் பெண்ணின் குரலும் கேட்கும். பிறகு 'நிறுத்து' என்று ஒரு சத்தம். எல்லாம் அடங்க, நகருக்கு வந்திருக்கும் பிரபலங்களும் சில சாதாரண மனிதர்களும் ஒலிவாங்கி முன்னால் வருவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வானொலியில் கதைப்பதென்றால் முதலே எழுதி வைத்து வாசிப்பதுதான். 1942இல் ரோய் பிளம்லி தொடங்கிய 'டெசேட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியும் அப்படித்தான். யுத்தகாலத் தணிக்கை இருந்தபடியால் கேள்வியும் பதிலும் முன்கூட்டியே எழுதப்பட்டன. சிரிப்புக்கூடக் கடதாசியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் 1951இல் பி.பி.சி. 'வட்ஸ் மை லைன்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. எங்களைப் போன்ற தொழிலாளிக்கு இது பிடிக்கும். ஒரு சாதாரண மனிதர் வந்து தான் செய்யும் வேலையைக் கையால் அபிநயித்துக் காட்டுவார். நான்கு பிரபலங்கள் கேள்வி கேட்டு அது என்ன வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும். மட்பாண்டத் தொழிலில் சூளைக்குள் பாத்திரங்களை வைக்கும் களிமண் பெட்டி ஒன்று உண்டு. அந்தப் பெட்டியின் அடித்தட்டைக் களிமண்ணில் அடித்துச் செய்யும் தொழிலாளி ஒருவர் வந்து பிரபலங்களைத் திணறடித்தாராம். இன்றும் வயதானவர்கள் அந்த வேலையின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். என்னுடைய வேலையை அபிநயித்துக் காட்டினால் எவராவது கண்டுபிடிப்பார்களா? பெட்டி வரும், மூடியை அமத்து, தள்ளு. இவ்வளவுதான் என் அபிநயம்.

அந்த நிகழ்ச்சியில் கேள்வி கேட்ட நால்வரில் ஒருவர் கில்பேட் ஹார்டிங். பிழை விட்டவரை எரிந்து விழுவார். இங்கிலாந்தின் கடுகடுப்பான மனிதர் என்று பெயர் எடுத்தவர். மக்கள் அவரைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள். இந்த ஹார்டிங்கைக் கேள்வி கேட்கும் கதிரையிலிருந்து தூக்கிப் பதில் சொல்லும் கதிரையில் இருத்தியதுதான் அடுத்த கதை.

1959இல் பி.பி.சி. 'பேஸ் ரு பேஸ்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பத் தொடங்கியது. முகத்துக்கு முகம் என்று பொருள். கேள்வி கேட்டவர் ஜோன் பிறீமன். 1945இல் தொழிற்கட்சி எம்.பி.யாகி, மருத்துவ சேவையில் கட்டணம் அறவிடும் முடிவை எதிர்த்து 1951இல் உதவியமைச்சர் பதவியை விட்டவர். பின்னர் 1965இல் இந்தியாவுக்கான பிரித்தானிய உயர்ஸ்தானிகராகப் போனவரும் இவர்தான். இந்த நிகழ்ச்சியில் பிறீமனின் முகத்தை நாங்கள் காண்பது அரிது. இருட்டில் அவருடைய பின்தலையும் தோளும் தெரியும், அவ்வளவுதான். கமெரா முழுக்க முழுக்க வந்தவரின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெற்றி வியர்ப்பது தெரியும். சிகரெட் பிடிக்கும் விரல் நடுங்குவது தெரியும். மனவியல் அறிஞர் காள் யுங், தத்துவஞானி பேட்ரன்ட் ரசல், கறுப்பின மக்களின் தலைவர் மாட்டின் லூதர் கிங் எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குள் இருந்து பதில் சொன்னார்கள். 1962 வரை 35 நிகழ்ச்சிகள்.

1960 செப்டெம்பரில் ஹார்டிங் வந்தார். சாவைப் பற்றிப் பயமுண்டா என்ற போக்கில் பேச்சுப் போனது. ஒருவர் உயிர் பிரியும்போது பக்கத்தில் இருந்திருக்கிறீர்களா என்று பிறீமன் கேட்டார். நாடே பயந்த அந்த மனிதரின் குரல் உடைந்தது. கண்கள் நிறைந்தன. 1954இல் அவர் தன் தாயின் மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவர். இந்தத் தொடர்பு கேள்வி கேட்ட பிறீமனுக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டு போனதற்காகத் தான் வருந்துவதாக அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். நிகழ்ச்சி ஒளிபரப்பாகி இரண்டு மாதங்களில், அந்த ஆண்டு நவம்பரில், பி.பி.சி. கட்டிடத்தை விட்டு வெளியே வரும்போது ஹார்டிங் சரிந்து விழுந்து இறந்தார். வயது 53.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கேள்வி என்பது பாரமான பொருள். அதைக் கையாள்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. நல்லவர் கையிலிருந்தும் அது தவறி விழும். அகதியாக வந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் மொழிபெயர்ப்பாளர், இந்தப் பக்கம் நாங்கள். சொன்ன ஒவ்வொரு திகதியும் எழுதப்பட்டு இன்னொரு திகதியோடு ஒப்பிடப்படும். அங்கே கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய எங்களில் பலர், அதற்குப் பிறகு எவர் எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

பிறீமனின் நிகழ்ச்சி கடுமையானது. சிரித்துப் பேசும் நிகழ்ச்சி வந்தது அமெரிக்காவைப் பார்த்துத்தான். அங்கே 1954 முதலே 'ருநைற் ஷோ' நள்ளிரவில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே 1955இல்தான் பி.பி.சி.க்குப் போட்டியாக ஐ.ரி.வி. வந்தது. 1964இல் ஐ.ரி.வி.யில் ஞாயிறு இரவுகளில் 'ஈமன் அன்ட்ரூஸ் ஷோ' தொடங்கியது. ஈமன் அன்ட்ரூஸ் டப்ளினில் காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், குத்துச்சண்டை வீரர், பிறகு குத்துச்சண்டை வர்ணனையாளர். 'வட்ஸ் மை லைன்' நிகழ்ச்சியை நடத்தியவரும் இவரே. பிரபலங்களை வரிசையாக இருத்தி, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவும் தாவலைப் பத்திரிகைகள் பகிடி பண்ணின. ஆனாலும் ஞாயிறு இரவு நாலு பேர் இருந்து கதைப்பதை ஒரு வழக்கமாக்கியது அவர்தான்.

அவரைத் தொடர்ந்து 1967இல் பி.பி.சி.யில் 'டீ ரைம்' வந்தது. நடத்தியவர் சைமன் டீ. கடலில் கப்பலில் இருந்து ஒலிபரப்பிய ரேடியோ கரோலினில் 1964இல் அறிவிப்பாளராக இருந்தவர். நிகழ்ச்சி முடியும்போது அவர் ஜாகுவார் ஈ-ரைப் காரில் ஓர் அழகியோடு போவதாகக் காட்டுவார்கள். சனிக்கிழமை மாலை நாடே அவரைப் பார்த்தது. 1969இல் பி.பி.சி.யை விட்டார். 1970இல் ஐ.ரி.வி. பக்கம் போனார். சில மாதங்களில் அதுவும் முடிந்தது. பிறகு அவரைப் புல்ஹாம் வேலையற்றோர் அலுவலக வரிசையில் கண்டார்கள். 1974இல் வீட்டுவரி கட்டாததற்காகப் பென்ரன்வில் சிறைக்கும் போனார். 2009இல் காலமானார். பிரபலங்களைக் கேள்வி கேட்பவர் தானே பிரபலமாகி, கேட்பதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்நாட்டார் இவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எங்களுக்கோ அந்த வரிசை தெரிந்த வரிசை. காரில் போனவரும் அங்கே வந்து நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் செய்தி.

இனி எங்கள் ஆள் ஒருவர் வருகிறார். பெருமைப்படத் தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1923இல் இலங்கையில் பிறந்த எமில் சவுந்தரநாயகம், வெள்ளைக்காரர் வாயில் சவுந்திரா ஆனார். 1963இல் இங்கிலாந்தில் ஒரு வாகனக் காப்புறுதிக் கம்பனியைத் தொடங்கினார். மற்றவர்களை விட மலிவு. சனம் அள்ளுப்பட்டுப் போனது. 1966இல் கம்பனி சரிந்தபோது ஏறக்குறைய 4 இலட்சம் வாகனக்காரர் காப்புறுதியில்லாமல் நடுத்தெருவில் நின்றார்கள். விபத்தில் கணவனை இழந்து, ஒரு சதமும் நட்டஈடு கிடைக்காத பெண்களும் அதில் இருந்தார்கள்.

1967 பெப்ரவரியில் டேவிட் புரொஸ்ற் தன்னுடைய நிகழ்ச்சிக்குச் சவுந்திராவை அழைத்தார். சவுந்திரா தன் வாய்ச்சாலகத்தில் நம்பிக்கை வைத்துத் தானாகவே போனார். ஸ்ரூடியோவில் பாதிக்கப்பட்ட சனமே பார்வையாளராக இருந்தது. பங்குகளை விற்றுவிட்டேன், எனக்குப் பொறுப்பில்லை என்று சவுந்திரா வாதாடினார். எதிரே இருந்த சனத்தைப் பட்டிக்காட்டார் என்ற பொருளில் ஏளனமாகக் குறிப்பிட்டார். புரொஸ்ற் விடவில்லை. சில நாட்களில் சவுந்திரா கைது செய்யப்பட்டார். 1968இல் எட்டு ஆண்டு சிறைத்தண்டனை. மேன்முறையீடும் தோற்றது. ஆனால் அந்த மேன்முறையீட்டு நீதிமன்றமே, குற்றஞ்சாட்டப்படப் போகும் ஒருவரைத் தொலைக்காட்சியில் இருத்தி இப்படி விசாரிப்பது தகாது என்று கண்டித்தது. 'தொலைக்காட்சி வழக்கு விசாரணை' என்ற சொல் இந்நாட்டில் பரவியது இந்தச் சம்பவத்தோடுதான்.

இதை வாசிக்கும் சிலர் "தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டவை" என்பீர்கள். வேறு சிலர் "கள்ளனுக்கு நல்லா வேணும்" என்பீர்கள். என்னுடைய கருத்து இது. அந்த மனிதர் செய்தது மோசடி. அந்தப் பெண்களின் கண்ணீர் உண்மை. ஆனால் தீர்ப்பு நீதிமன்றத்தில்தான் வர வேண்டும், கைதட்டும் சபையில் அல்ல. நீதிமன்றம் இல்லாமலே தீர்ப்பும் தண்டனையும் நடந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்த நீதிபதிகள் சொன்னதைப் போகிற போக்கில் வாசித்துவிட்டு விட முடியாது.

இனி வருபவர்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவர். மைக்கல் பார்க்கின்சன். 1935இல் யோர்க்‌ஷயரில் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்துச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகன் ஓ.எல். பரீட்சையில் இரண்டே பாடத்தில் சித்தியடைந்து, 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி சேகரிக்கப் போனார். இதை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோசம், ஏன் என்று நீங்கள் ஊகிக்கலாம்.

1971 யூன் 19ஆம் திகதி சனிக்கிழமை பி.பி.சி.யில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. கோடைகாலத்துக்கென்று போட்டது 1982 வரை ஓடியது, பிறகு 1998இல் மீண்டும் வந்தது. விருந்தினர் படிக்கட்டால் இறங்கி வருவார். இரண்டு கதிரை. மடியில் குறிப்புப் பலகை. எங்கள் பக்டரியில் யோர்க்‌ஷயர்க்காரர் ஒருவர் இருந்தார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். 2023 ஓகஸ்டில் பார்க்கின்சன் 88 வயதில் இறந்தபோது அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் கதைத்தார். சனிக்கிழமை இரவு உதைபந்தாட்டம் முடிய அவருடைய வீட்டில் எல்லோரும் எழும்பாமல் இருப்பார்களாம். "எங்களைப் போலக் கதைக்கிற ஒருத்தன் ரீவியில நட்சத்திரங்களோட சமமா இருந்து கதைச்சான். அதைப் பாக்கவே எங்கட அப்பா முழிச்சிருப்பார்" என்றார். அதுவரை தொலைக்காட்சியில் கேட்கும் ஆங்கிலம் பெரும்பாலும் மேட்டுக்குடி ஆங்கிலம். ஆகவே உச்சரிப்பும் ஒரு மரியாதைப் பிரச்சினை. வாயைத் திறந்தவுடன் எந்த ஊர் என்று கேட்கப்படும் எங்களுக்கு இது விளங்கும்.

பார்க்கின்சனின் தொழில் இரகசியம் ஒன்றும் பெரிதல்ல. வருபவரைப் பற்றி முதலே வடிவாகப் படித்துவிடுவார். கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பார். முகம்மது அலி 1971க்கும் 1981க்கும் இடையில் நான்கு முறை வந்தார். முதல் முறை, சிறுவயதில் தாயிடம் கேட்ட கேள்வியைச் சொன்னார். ஏன் எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது, யேசுவும் வெள்ளை, தேவதூதரும் வெள்ளை, ஆபிரிக்கக் காட்டில் திரியும் ரார்சானும் வெள்ளையா என்று. சபை சிரிக்கிறது. சிரித்துக்கொண்டே விளங்கிக்கொள்கிறது. 1974இல் அலிக்குக் கோபம் வந்து பார்க்கின்சன் மீதே பாய்ந்தார். பார்க்கின்சன் பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டிருந்தார். நான்கு சுற்றிலும் தோற்றது நான்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார்.

அவர் நடத்தியவற்றுள் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் எதைக் காப்பாற்றுவீர்கள் என்பதற்கு அவர் சொன்ன பெயர் ஒரு நடிகருடையதல்ல. விஞ்ஞானி ஜேக்கப் புரொனொவ்ஸ்கி. போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1920இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். 1973இல் பி.பி.சி.க்காகச் செய்த விஞ்ஞானத் தொடரில் அவுஷ்விற்ஸ் முகாமில் போய் நின்றார். தன் உறவினர் பலரின் சாம்பல் கரைக்கப்பட்ட குளத்துக்குள் சப்பாத்தோடு இறங்கிக் கையால் சேற்றை அள்ளினார். பார்க்கின்சன் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் அவருக்கு ஒதுக்கி, அந்தக் கணத்தைப் பற்றிக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். புரொனொவ்ஸ்கி ஆறுதலாக, சொல் சொல்லாகப் பதில் சொன்னார். அதே 1974இல் அவர் காலமானார். அந்தக் குளத்தைப் பார்க்கும் எங்களில் பலருக்கு வேறொரு நீர்நிலை நினைவுக்கு வரும். அதன் பெயரை நான் எழுதத் தேவையில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1975இல் நடிகை ஹெலன் மிரன் வந்தபோது, அவருடைய உடலழகு நல்ல நடிகை என்ற பெயருக்கு இடைஞ்சலா என்ற தோரணையில் பார்க்கின்சன் கேட்டார். அந்தப் பெண் திருப்பிக் கேட்ட கேள்வியில் அவர் தடுமாறினார். இன்று பார்க்கும்போது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ரசல் ஹாட்டி என்ற இன்னொருவர் பிளாக்பேர்ன் சந்தையில் மரக்கறி விற்றவரின் மகன், முன்னாள் ஆசிரியர். 1980இல் பாடகி கிறேஸ் ஜோன்ஸைப் பக்கத்தில் இருத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மற்ற விருந்தினரோடு கதைத்தார். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கமெரா முன்னாலேயே ஹாட்டியைக் கையால் அடித்தார். நாடு சிரித்தது. வீட்டுக்கு வந்தவருக்கு முதுகு காட்டினால் எங்கள் ஊரிலும் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

1985 முதல் 1992 வரை ரெறி வோகன் வாரத்தில் மூன்று நாள் இரவு 7 மணிக்கு நேரடியாகக் கதைத்தார். இவரும் அயர்லாந்துக்காரர், வங்கி எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய காலத்தில் விருந்தினர் வருவது படமோ புத்தகமோ விற்கத்தான் என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. அத்தோடு ஆரம்ப காலம் முடிந்தது என்று சொல்லலாம். அந்த முதல் முப்பது ஆண்டுகளில் கேள்வி கேட்கும் கதிரையில் எங்கள் நிறத்தவரைக் காண முடியவில்லை. 2001இல் 'த குமார்ஸ்' என்ற பகிடி நிகழ்ச்சியில்தான் ஓர் இந்தியக் குடும்பம் உண்மையான பிரபலங்களை வீட்டுக்கு அழைத்துக் கேள்வி கேட்டது. அதில் அப்பம்மாவும் கேள்வி கேட்டார். எனக்கு அது பகிடியாகவே தெரியவில்லை, எங்கள் வீட்டு நடப்பாகத் தெரிந்தது.

இன்னொரு செய்தி என் மனதை உறுத்தியது. அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை கூடியது. ஒளிபரப்பியபின் அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவார்கள். சைமன் டீயின் நிகழ்ச்சிகளில் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாடே பார்த்த சிரிப்பும் பேச்சும் ஒரு நாடாவின் விலைக்காகப் போய்விட்டன. பணக்கார நாட்டின் பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், நாடாவே இல்லாத எங்கள் கதைகள்?

அந்த அம்மா கேட்ட ருசி என்ன என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். வெட்கமும் அடக்கமும் உள்ள ஒரு சமுதாயம், தன் தகப்பனிடம் கேட்க முடியாததை இன்னொருவர் ஒரு நடிகரிடம் கேட்பதைப் பார்த்து ஆறுதல் பட்டது. பார்க்கின்சனின் தகப்பன் சாவதற்கு முன் மகனிடம், நீ புகழும் பணமும் சம்பாதித்துவிட்டாய், ஆனாலும் அது யோர்க்‌ஷயர் அணிக்குக் கிரிக்கெற் ஆடுவது போல வராது என்றாராம். உலகத்தையே பேச வைத்தவர் அந்த ஒரு வசனத்தைத்தான் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாங்களும் வெட்கம் உள்ள சமுதாயம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு எந்த நடிகர் எத்தனையாம் வயதில் வீட்டை விட்டுப் போனார் என்று தெரியும். தங்கள் தாத்தா எந்தத் துறையில் கப்பல் ஏறினார் என்று தெரியாது. தாத்தாவும் சொல்லமாட்டார். கேட்டால்தானே.

ஆகவே எங்கள் மூத்தோர் ஒன்றுகூடல்களை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொன்னாடையும் பேச்சும் இருக்கட்டும். அரைமணி நேரம் மேடையில் இரண்டு கதிரை போடுங்கள். ஒன்றில் எங்கள் மூத்தவர் ஒருவர், மற்றதில் இங்கே வளர்ந்த ஒரு பிள்ளை. பிள்ளை முதலே அவரைப் பற்றி வீட்டாரிடம் விசாரித்து வரட்டும். எந்தக் காயத்தைத் தொடக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். நீதிபதியாக வேண்டாம், முதுகு காட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். மூத்தவர் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் சபை பொறுத்திருக்கட்டும். ஒருவர் கைத்தொலைபேசியில் பதிந்து வைக்கட்டும். நாடாவுக்குக் காசில்லை என்று சொல்ல இப்போது எவருக்கும் வழியில்லை.

முதல் கேள்வி என்னவென்று தெரியாமல் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்லித் தருகிறேன். "ஐயா, உங்கட முதல் சம்பளத்தில என்ன வாங்கினீங்கள்?" சுரங்கத் தொழிலாளிக்கும், தோட்டம் கொத்தியவருக்கும், ஆசிரியருக்கும், எனக்கும் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கிருந்து மற்றவை தானாக வரும்.

மணி அடித்துவிட்டது. அடுத்த இடைவேளையில் சந்திப்போம்.